அடுத்தவர் தபால் என்று அலமாரியில் போடாதீர்!

இந்தக் கட்டுரையைப் பிறரைச் சாடித் தொடங்க எனக்கு உரிமை இல்லை. முதலில் என்னைச் சாடிக்கொள்கிறேன். மற்றவர்கள் கணக்கைப் பிறகு பார்ப்போம்.

2018-ம் வருஷத் தொடக்கம். கோவையில் பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடு ஒன்றில் நான் குடியேறி நாலு மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் பகல் வேளையில் தபால்காரர் வந்தார். அந்தப் பகுதிக்குப் புதியவர். கையில் ஒரு பதிவுத் தபால். கதவு நம்பரைச் சொல்லி, "இந்த வீடுதானே?" என்று கேட்டார். "இந்த வீடுதான்" என்றேன். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அவர் அடுத்த சந்துக்குள் திரும்பிய பிறகுதான் உறையின் மேலிருந்த பெயரைப் பார்த்தேன். அது என் பெயர் அல்ல. எனக்கு முன்னால் அந்த வீட்டில் குடியிருந்தவர் பெயர்.

தபால்காரரைக் கூப்பிட்டேனா? இல்லை. தபாலாபீஸ் பத்து நிமிஷ நடைதான். கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேனா? அதுவும் இல்லை. "சர்க்கார் முத்திரை போட்ட காகிதம். நமக்கெதற்கு வம்பு? உரியவர் வந்தால் கொடுத்துக்கொள்ளலாம்" என்று அலமாரியில் வைத்தேன். அன்று மாலை வாயிற்கூட்டம். மறுநாள் கலெக்டர் ஆபீஸுக்கு மனு. அந்த உறையின் மேல் பஞ்சாங்கம் ஏறிற்று. பஞ்சாங்கத்தின் மேல் சந்தா ரசீதுப் புத்தகம் ஏறிற்று. நான் மறந்தே போனேன்.

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, அதே ஆபீஸிலிருந்து அதே பெயருக்கு இன்னொரு பதிவுத் தபால் வந்தது. அப்போதுதான் நெஞ்சில் திக்கென்றது. "இவர் இங்கே இல்லை, வீடு மாறிப் போய்விட்டார்" என்று சொல்லி, கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினேன். பழைய உறையைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு, அந்த மனிதரைத் தேடிப் புறப்பட்டேன்.

தேடுவது என்ன பெரிய காரியமா? முக்குக் கடைக்காரரிடம் விசாரித்தேன். அவரோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர் யார் என்று அவர் சொன்னார். அந்த ஷிப்டுக்காரர், "திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறார்" என்றார். இரண்டாம் நாள் மாலையில் ஆளைப் பிடித்துவிட்டேன். இரண்டே நாள்! அந்த இரண்டு நாள் உழைப்பைத்தான் நான் இரண்டு மாதம் செய்யாமல் இருந்தேன்.

அவர் என் முன்னாலேயே உறையைக் கிழித்தார். 26 வருஷம் ஆலையில் உழைத்த மனிதர். ஆலை மூடப்பட்டது. கிராஜுவிட்டி தரவில்லை. கடைசிச் சம்பளம் மாதம் 9,000 ரூபாய். வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம். மாதத்துக்கு 26 வேலைநாள் என்று சட்டம் சொல்லும் கணக்கு. அதன்படி அவருக்குச் சேரவேண்டியது 1,35,000 ரூபாய். அதைக் கேட்டுத் தொழிலாளர் துறையில் மனுப் போட்டிருந்தார். விசாரணைக்கு நேரில் வரச்சொல்லி வந்த நோட்டீஸ்தான் என் அலமாரியில் பஞ்சாங்கத்துக்கு அடியில் கிடந்தது! தேதி எப்போதோ கடந்துவிட்டது. "நோட்டீஸ் கிடைத்தும் மனுதாரர் வரவில்லை" என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். நான் திருப்பி அனுப்பிய இரண்டாவது உறையில் இருந்தது அந்த உத்தரவு.

"நோட்டீஸ் கிடைத்தும்!" யாருக்குக் கிடைத்தது? எனக்குக் கிடைத்தது. யார் கையெழுத்து? என் கையெழுத்து. ஒப்புகை அட்டையில் நான் கிறுக்கிய கிறுக்கல் ஒரு தொழிலாளியின் 26 வருஷ உழைப்பைத் தள்ளுபடி செய்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. "ஏனுங்க தோழரே, நீங்களே இப்படிப் பண்ணிட்டீங்களே" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

தக்க காரணம் காட்டினால் அந்த உத்தரவை 30 நாளுக்குள் மறுபரிசீலனை செய்யலாம் என்று விதி இருந்தது. நாள் மிச்சம் இருந்தது. வக்கீல் தோழர் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதினார். அது அந்தத் தொழிலாளியின் பத்திரம் அல்ல, என்னுடையது. "இந்தத் தபாலை நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இது எனக்கு உரியதல்ல. உரியவரிடம் கொடுக்கவும் இல்லை, தபாலாபீஸுக்குத் திருப்பவும் இல்லை. அவர் அந்த வீட்டில் அப்போது குடியிருக்கவில்லை" என்று என் கைப்பட ஒப்புக்கொண்டேன். மனு மறுபடி கோப்பில் ஏறியது. பணமும் பல மாதம் கழித்து வந்தது. ஆனால் அந்த மாதங்களில் அவர் வாங்கிய கைமாற்றுக்கு வட்டி கட்டியது யார்? அவர்தான்.

"சார்வு ஆகிவிட்டது" என்னும் மந்திரம்

தோழர்களே! இதை என் சொந்தக் கதை என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். நம் ஒவ்வொரு லைன் வீட்டிலும், ஒவ்வொரு காலனியிலும், யாரோ ஒருவர் பெயருக்கு வந்த காகிதம் ஏதோ ஒரு நிலைமாடத்தில் கிடக்கிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் உள்ளே இருக்கும் கெடு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

கோர்ட்டிலும் கச்சேரியிலும் ஒரு மந்திரம் உண்டு. "சார்வு ஆகிவிட்டது" என்பதுதான் அது. சம்மனோ நோட்டீஸோ உரியவருக்குச் சேர்ந்துவிட்டது என்று பொருள். 1897-ம் வருஷப் பொது விதிகள் சட்டத்தின் 27-வது பிரிவு என்ன சொல்கிறது? சரியான விலாசம் எழுதி, தபால் கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டால், மாறாக நிரூபிக்கப்படாத வரையில் அது சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது. அனுப்பியவன் சேர்ந்தது என்று நிரூபிக்க வேண்டாம். கிடைக்காதவன்தான் கிடைக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும்! வெள்ளைக்காரன் எழுதிய நியாயம் இது. அவன் போய் முக்கால் நூற்றாண்டு ஆகியும் இந்த நியாயம் போகவில்லை.

சிவில் வழக்கில் ஆளைக் காணோம் என்றால் சம்மனை வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம். அதுவும் முடியாவிட்டால் கோர்ட்டு உத்தரவோடு பத்திரிகையில் விளம்பரம் போட்டு முடித்துக்கொள்ளலாம். பிறகு எக்ஸ்பார்ட்டி டிக்ரி, ஒருதலைத் தீர்ப்பு! வீட்டை அடமானம் வைத்தவருக்கு 2002-ம் வருஷச் சட்டப்படி பாங்கு அனுப்பும் நோட்டீஸில் கெடு 60 நாள். நிலம் எடுக்க 2013-ம் வருஷச் சட்டப்படி அறிவிப்பு வந்தால் ஆட்சேபிக்கவும் 60 நாள். வேலைநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளி தாவா எழுப்ப முன்பு 3 வருஷம் இருந்தது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் அதை 2 வருஷமாகக் குறைத்துவிட்டது. முதலாளிக்குக் காலம் சுருங்கினால் லாபம். தொழிலாளிக்கோ ஒவ்வொரு நாளும் உயிர்நாள். அந்த நாட்களை யாரோ ஒருவருடைய அலமாரி தின்றுகொண்டிருக்கிறது.

விலாசம் மாறியது யார் குற்றம்?

"வீடு மாறினால் விலாச மாற்றம் எழுதிக் கொடுக்க வேண்டியது அவன் பொறுப்பு. கொடுக்காதது அவன் குற்றம்" என்று சில மகா புத்திசாலிகள் சொல்கிறார்கள். வாஸ்தவம், எழுதிக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் நாங்கள் திருப்பிக் கேட்கிறோம். தொழிலாளி ஏன் வீடு மாறுகிறான்? காற்று வாங்கவா? ஆலையை மூடினான் முதலாளி. வாடகையை ஏற்றினான் வீட்டுக்காரன். வாய்க்காலில் தண்ணீர் இல்லை, வயலில் வேலை இல்லை. கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு புறப்பட்டான் விவசாயத் தொழிலாளி. பிழைப்பு துரத்துகிற திசையில் ஓடுகிறவனைப் பார்த்து, "நீ ஏன் ஒரே விலாசத்தில் நிற்கவில்லை?" என்று கேட்பது என்ன நியாயம்? மூன்று தலைமுறையாக ஒரே பங்களாவில் இருப்பவனுக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தும்.

ஆதாரில் ஒரு விலாசம். ரேஷன் கார்டில் இன்னொன்று. வாக்காளர் பட்டியலில் மூன்றாவது. பாங்குப் புத்தகத்தில் நாலாவது. ஒவ்வொன்றையும் மாற்ற ஒரு நாள் கூலி போகும். இந்த நாலு விலாசத்திலும் இல்லாமல் ஐந்தாவதாக ஓர் இடத்தில் படுத்து உறங்குகிறான் தொழிலாளி. 2025 டிசம்பரில் வெளியான தமிழ்நாட்டு வரைவு வாக்காளர் பட்டியலில் 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. இறந்தவர்களையும் இரட்டைப் பதிவையும் கழித்தாலும், அதில் பெரும்பகுதி, விலாசத்தில் இல்லை, குடிபெயர்ந்துவிட்டார் என்ற கணக்கில் போனது. விலாசத்தில் இல்லாதவன் நாட்டிலேயே இல்லாதவனா?

தபால்காரர் நமக்கு எதிரி அல்ல

இன்னும் சிலர் எல்லாவற்றுக்கும் தபால்காரரைத் திட்டுவார்கள். அதுவும் தவறு. நம் நாட்டில் 1,64,000-க்கும் மேற்பட்ட தபாலாபீஸ்கள் உள்ளன. பத்தில் ஒன்பது கிராமப்புறத்தில். அவற்றை நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் கிராமிய அஞ்சல் ஊழியர்கள். சர்க்கார் வேலையைச் செய்வார்கள். ஆனால் நிரந்தர சர்க்கார் ஊழியர் என்ற அந்தஸ்து அவர்களுக்குக் கிடையாது. பல குக்கிராமங்களுக்கு ஓர் ஆள். ஒரே பெயரில் மூன்று பேர். மூவருக்கும் தகப்பன் பெயரின் முதலெழுத்தும் ஒன்று. பழைய நம்பர், புதிய நம்பர் என்று கதவுக்கு இரண்டு எண். அந்த மனிதர் என்னதான் செய்வார்?

1946 ஜூலையில் தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்கு ஆதரவாக ஜூலை 29-ந் தேதி கல்கத்தா நகரமே வேலைநிறுத்தம் செய்தது. தபால்காரரும் நம் வர்க்கம் என்பதை அன்றே தொழிலாளர் அறிந்திருந்தார்கள். அவர் தலையில் குட்டுவதை விட்டுவிட்டு, மேலே பார்ப்போம்.

மேலே என்ன நடந்தது? 1898-ம் வருஷத் தபால் சட்டத்தை எடுத்துவிட்டு, 2023-ல் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். 2024 ஜூன் 18 முதல் அது அமலில் இருக்கிறது. பழைய சட்டத்தில், பிறருக்குச் சேரவேண்டிய தபாலை மோசடியாக வைத்துக்கொண்டால் 2 வருஷம் வரை சிறை என்று இருந்தது. கெடுக்கும் எண்ணத்தோடு அடுத்தவர் கடிதத்தைப் பிரித்தால் 6 மாதம். புதிய சட்டத்தில் அந்தத் தண்டனைப் பிரிவுகள் இல்லை. ஆனால் எது இருக்கிறது? தபாலை இடைமறித்துப் பிரித்துப் பார்க்க சர்க்காருக்கு அதிகாரம் இருக்கிறது. விதிகளில் சொன்னதற்கு மேல் தன் சேவைக்குத் தபாலாபீஸ் பொறுப்பல்ல என்ற பிரிவும் இருக்கிறது. பிரித்துப் பார்க்க உரிமை உண்டு, சேர்க்கத் தவறினால் பொறுப்பு இல்லை! சேராததன் பலனைச் சுமப்பது மட்டும் ஏழையின் பங்கு.

பண்ணை வீட்டுத் திண்ணை

கிராமத்துச் சங்கதி இதைவிட மோசம். காலனிக்குள் போக நேரமில்லாத இடங்களில், தபால் முழுவதையும் ஒரு கடையிலோ, ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையிலோ கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் இருக்கிறது. அந்தப் பெரியவர் யார்? பல நேரங்களில் நிலத்துக்குச் சொந்தக்காரர். அவர்மீதே கூலித் தகராறு நடக்கும். அவர்மீதே மனைத் தகராறு இருக்கும். முதியோர் பென்ஷன் உத்தரவும், பட்டா நோட்டீஸும், கோர்ட்டு சம்மனும் எதிராளி வீட்டுத் திண்ணையில் வந்து இறங்கினால், அவை காலனிக்கு எப்போது வரும்? கெடு முடிந்த மறுநாள் வரும்!

அலட்சியத்தால் அலமாரியில் வைத்தவன் நான். ஆதாயத்துக்காகத் திண்ணையில் அமுக்கிவைப்பவர் அவர். எண்ணம் வேறு, உண்மைதான். ஆனால் பாதிக்கப்பட்டவனுக்கு இரண்டும் ஒன்றே. நம் அலட்சியம் எதிராளிக்குச் செய்யும் இலவச ஊழியம் என்பதை மறக்கக் கூடாது.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, கையெழுத்துப் போடும் முன்பு பெயரைப் பாருங்கள். 2025-ல் பதிவுத் தபால் என்ற தனிப் பிரிவை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். பெயர்தான் மாறியது, கையெழுத்தின் வலிமை மாறவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பெயர் உங்களுடையதல்ல என்றால், "இவர் இங்கே இல்லை" என்று சொல்லித் திருப்பிவிடுங்கள். இரக்கப்பட்டு வாங்கி வைப்பதுதான் பெரிய கெடுதல்.

இரண்டாவது, சாதாரணத் தபாலாகக் கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போயிருந்தால், பிரிக்காதீர்கள். "சர்க்கார் காகிதம், என்னவென்று பார்த்துச் சொல்லலாமே" என்ற எண்ணம் வேண்டாம். அடுத்தவர் கடனும் வியாதியும் வழக்கும் உங்கள் கண்ணுக்கு உரியவை அல்ல. உறையின் மேல், "விலாசதாரர் இங்கே இல்லை, வீடு மாறிவிட்டார்" என்று எழுதித் தேதி போட்டு, அன்றைக்கே தபால்காரரிடமோ தபாலாபீஸிலோ கொடுங்கள். புதிய விலாசம் தெரிந்தால் அதை எழுதிக் கொடுங்கள். கிழித்துப் போடுவதும், அடுப்பில் போடுவதும், குழந்தைக்கு விளையாடக் கொடுப்பதும் பாவம் மட்டுமல்ல, வர்க்கத் துரோகம்.

மூன்றாவது, திருப்பிவிட்டதோடு கை கழுவாதீர்கள். எந்த ஆபீஸிலிருந்து வந்தது, என்ன தேதி என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உரியவருக்குச் செய்தி சொல்லி அனுப்புங்கள். கடைக்காரர், ஷிப்டுக்காரர், உறவுக்காரர், சங்க ஆபீஸ் என்று நாலு பேரைக் கேட்டால் ஆள் கிடைப்பார். இன்று எல்லார் கையிலும் போன் இருக்கிறது.

நாலாவது, தேவைப்பட்டால் சாட்சி சொல்லத் தயங்காதீர்கள். "சேர்ந்ததாகக் கொள்ளப்படும்" என்ற சட்டத்திலேயே "மாறாக நிரூபிக்கப்படாத வரையில்" என்ற வாசகம் இருக்கிறது. அதை யார் நிரூபிப்பது? அந்த வீட்டில் இப்போது குடியிருக்கிற நீங்கள்தான்! "இவர் இந்தத் தேதியில் இங்கே குடியிருக்கவில்லை" என்று நீங்கள் எழுதிக் கொடுக்கும் ஒரு காகிதம், ஒரு வீட்டையோ ஒரு வேலையையோ காப்பாற்றும். அந்நியனுக்கு வந்த தபாலுக்கு உலகத்தில் ஒரே சாட்சி நீங்கள்.

கெடு தப்பிவிட்டதே என்று மனம் உடைந்து கிடப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சம்மன் முறையாகச் சார்வு ஆகாமல் ஒருதலைத் தீர்ப்பு வந்திருந்தால், தீர்ப்பு உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்துசெய்ய மனுப் போடலாம். ஆகையால் தெரிந்த அன்றே சங்கத்துக்கு வாருங்கள். உறையைத் தூக்கி எறியாதீர்கள். அதன் மேலிருக்கும் தபால் முத்திரைதான் உங்கள் முதல் ஆதாரம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. முன்பின் தெரியாத பெயர்களுக்கு உங்கள் கதவு நம்பரில் வரி நோட்டீஸோ பாங்குக் காகிதமோ அடிக்கடி வந்தால், யாரோ உங்கள் விலாசத்தைக் காட்டி வியாபாரமோ கடனோ நடத்தக்கூடும். அனுப்பிய ஆபீஸுக்கு எழுத்தில் தெரிவித்து, நகலுக்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வசூல்காரன் வாசலில் வந்து மிரட்டினால் பயப்படாதீர்கள். கடன் வாங்கியவனையும் ஜாமீன் போட்டவனையும்தான் கடன் சேரும், வாசற்படியைச் சேராது.

நாம் கேட்பது என்ன?

நம் கடமையை நாம் செய்வோம். அதோடு சர்க்காரும் தன் கடமையைச் செய்ய வேண்டும் என்று உரத்துக் கேட்போம். நோட்டீஸ் தமிழில் வரட்டும். உரியவர் கையில் சேர்ந்த நாளிலிருந்துதான் கெடு தொடங்கட்டும். பழைய கிராஜுவிட்டிச் சட்டத்தில் மேல்முறையீட்டுக்கு, உத்தரவு "கிடைத்த நாளிலிருந்து" 60 நாள் என்றுதானே இருந்தது? அங்கே முடிந்தது மற்ற இடங்களில் ஏன் முடியாது? தொழிலாளி சங்கத்தின் மூலம் மனுச் செய்திருந்தால் சங்கத்துக்கும் ஒரு நகல் வரட்டும். ஒரு குறுஞ்செய்தி அனுப்பக் காசா செலவாகும்? வாக்குக் கேட்கும்போது நம் போன் நம்பர் தெரிகிறது. வழக்குத் தேதி சொல்லும்போது மட்டும் தெரியாமல் போகிறதா? காலனிக்குள்ளும் தபால் வரட்டும். கிராமிய அஞ்சல் ஊழியர்களை நிரந்தரமாக்கி ஆட்களைப் பெருக்கட்டும்.

இதெல்லாம் நாளைக்கே வந்துவிடாது. போராடித்தான் வாங்க வேண்டும். ஆனால் ஒரு காரியத்துக்கு எந்தச் சர்க்காரும் உத்தரவு போட வேண்டியதில்லை. இன்று இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் நிலைமாடத்தைப் பாருங்கள். பஞ்சாங்கத்துக்கு அடியில் பாருங்கள். அரிசிப் பானைக்குப் பின்னால் செருகியிருக்கும் காகிதங்களை எடுத்துப் பாருங்கள். அடுத்தவர் பெயருக்கு வந்த உறை ஒன்று இருந்தால், நாளைக் காலையில் அது தபாலாபீஸுக்குப் போகட்டும். செய்தி உரியவருக்குப் போகட்டும்.

நான் இரண்டு மாதம் தாமதித்தேன். நீங்கள் இரண்டு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்!